முந்நூறாவது கையெழுத்து

"சார், ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"ரெண்டு நிமிஷம்னு சொன்னவங்க யாரும் ரெண்டு நிமிஷத்துல கிளம்பினதில்ல. உள்ள வாங்க" என்றார், மணிச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர்.

மூன்றாவது மாடியின் கடைசி வீடு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆடாத நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். மூன்று வாரமாகப் படியேறிப் படியேறி முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது.

தெருவே அவளை மருந்துக்கடை அக்கா என்றுதான் கூப்பிடும். கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக அலைந்துகொண்டிருந்தாள். நகரத்துக்கு நிலக்கரி மின்சாரம் வேண்டாம், வெயிலிலும் காற்றிலும் எடுக்கும் மின்சாரம் வேண்டும் என்று ஒரு மனு. முந்நூறு வீடுகள் கையெழுத்துப் போட்டால்தான் நகரசபை அதை விவாதத்துக்கு எடுக்கும். இன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது சேர்ந்துவிட்டது.

"நான் எங்க வேலை பாக்கறேன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரியும் சார். அனல் மின் நிலையத்துல பாய்லர் ஆபரேட்டர்."

"பத்தொன்பது வருஷம். இந்த ஊர்ல ஒரு ஃபேன் சுத்துதுன்னா அதுல என் வேர்வை இருக்கு. என்கிட்டயே வந்து கடையை மூடச் சொல்றீங்க. உங்க தைரியத்தைப் பாராட்டணும்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவர்களை எப்படியும் சமாளித்துவிடலாம். நிதானமாகப் பேசுகிறவர்கள் முன்னால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"சரி, சூரியன் லீவு போட்டா என்ன பண்ணுவீங்க?"

"பேட்டரில சேத்து வச்சிருப்பாங்க சார். காத்துல எடுக்கற கரண்டும் இருக்கு. நீங்க லீவு போட்டா பாய்லர் நின்னுடுதா என்ன?"

"நான் லீவே போட்டதில்ல."

"அது தெரியும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்களைப் பார்த்தாலே தெரியுது."

அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது. எழுந்துபோய் எலுமிச்சைச் சாறு கலந்து கொண்டுவந்தார். சர்க்கரை இல்லை, உப்பு மட்டும். அவளுக்குப் பிடித்த மாதிரியே இருந்தது.

உள்ளறையில் ஒரு குழந்தை இருமியது. விடாத, வறட்டு இருமல். இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இருமல் மெல்ல அடங்கியது.

"சின்னவ" என்றார் அவர். "நேத்தெல்லாம் இழுப்பு."

"எங்க கடையில முன்னாடி மாசத்துக்குப் பத்து இன்ஹேலர் போகும் சார். இப்ப இந்த நிலக்கரிப் புகையில ஐம்பது வரவழைச்சாலும் பத்த மாட்டேங்குது. வியாபாரம் அமோகம்னு சந்தோஷப்படவா முடியுது?"

அவர் அட்டையை வாங்கி, அதிலிருந்த மனுவை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

"முழுசாப் படிக்கற முதல் ஆள் நீங்கதான்."

"பாய்லர்ல அளவு பாக்கறவன் நான். படிக்காம எதுலயும் கை வைக்க மாட்டேன்." மூன்றாவது பத்தியில் விரல் நின்றது. "'அனல் மின் நிலையத் தொழிலாளர் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. புதிய நிலையங்களில் முதல் வேலை அவர்களுக்கே. பயிற்சிக் காலத்திலும் முழுச் சம்பளம்.' இதை யார் சேத்தது?"

"நான்தான். மனுக் குழுவுல எல்லாரும் வேண்டாம்னாங்க. மல்லுக்கட்டிச் சேர்த்தேன்."

"உங்களுக்கென்ன அவ்வளவு அக்கறை?"

"அங்க வேலை பாக்கற ஒருத்தரை எனக்குத் தெரியும் சார். நல்ல மனுஷன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊரெல்லாம் வாங்கறீங்களே, உங்க வீட்டுல போட்டாச்சா?"

"மின் இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் போடணும். எங்க வீட்டுல அது அவர் பேர்ல இருக்கு."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"ஒழுங்கா உக்காந்து கேட்டதே இல்ல சார். பயம். முடியாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் தினமும் எப்படி அவர் முகத்தைப் பார்த்து..."

மீதியிருந்த சாற்றைக் குடித்துச் சமாளித்தாள்.

அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். முந்நூறாவது வரிசையில் பெயர், தொழில், கதவு எண், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலேகால். ஓடினால் பிடித்துவிடலாம்.

"ரொம்ப நன்றி சார்" என்று அவசரமாகச் செருப்பை மாட்டினாள்.

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"காலையில ஏதோ கோபத்துல, 'ஊரார் வீட்டுல கேக்கற மாதிரி வந்து கேளு'ன்னு சொல்லிட்டேன். அதுக்காக நம்ம வீட்டுக்கே பெல் அடிச்சுட்டு வருவியா? போ, மனுவைக் குடுத்துட்டுச் சீக்கிரம் வா, சின்னவ உன்னைத்தான் தேடிட்டிருக்கா. இந்தத் தடவையாவது உன் சாவியைப் போட்டுத் தொறந்துக்கிட்டு வா!"