மூன்றாவது வால்வு

மூன்றாவது வால்வைத்தான் செம்மலை சந்தேகப்பட்டார். பென்சிலின் பின்பக்கத்தால் அந்தக் கண்ணாடிக் குழாயை மெல்லத் தட்டிவிட்டுக் காது கொடுத்தார். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டி அமைதியாக இருந்தது.

"கடையில ரெண்டு நாளு ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. இங்குட்டுக் கொண்டாந்தாத்தான் கொரகொரங்குது" என்றார். காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்ப்பவர்.

"அப்ப என் வீட்டைக் குத்தம் சொல்றீகளா?" என்றார் சத்தியமூர்த்தி. எழுபது வயதிலும் நாற்காலியில் சாயாமல் உட்காருபவர்.

"வீட்டைச் சொல்லலை ஐயா. வயரைச் சொல்றேன்."

சனிக்கிழமை கோட்டையூரின் இதே வீட்டில் சத்தியமூர்த்தியின் மூத்த மகளின் குழந்தைக்குப் பேர் வைக்கிறார்கள். நாட்டரசன்கோட்டையிலிருந்து சம்பந்தி வீட்டார் இருநூறு பேர் வருகிறார்கள். இளைய மகள் தேனம்மை குடும்பத் தாலாட்டைக் கிட்டாரில் வாசிக்க வேண்டும். மெட்டைப் பாடிக் காட்டியவர் சத்தியமூர்த்தியே.

அன்றைக்குக் கொரகொரவென்று சத்தம் வந்தால், பெட்டி பழுது என்று எந்தச் சம்பந்தியும் சொல்ல மாட்டார். கோட்டையூர் வீடு இவ்வளவுதான் என்பார்.

"வாசிங்க தாயி" என்றார் செம்மலை.

தேனம்மை வாசித்தாள். முதல் வரி சுத்தமாகப் போனது. இரண்டாம் வரியின் முடிவில் பெட்டி கொரகொரத்தது. மறுபடி வாசித்தாள். அதே இடம், அதே சத்தம்.

செம்மலை முகம் தெளிந்தது. "ஒரே சுரத்துக்கு வருதுன்னா வால்வு அதிருது" என்று கிட்டாரை வாங்கி, அதே தந்தியை அதே இடத்தில் அழுத்தி இருபது தடவை மீட்டினார். ஒரு சத்தமும் வரவில்லை.

"எனக்கு மட்டுந்தான் வருதா அண்ணே?" என்றாள் தேனம்மை.

"ஒங்க கையில கரண்ட்டு ஓடுது போல தாயி."

"அவ கையில ஒண்ணும் ஓடலை. வேலையைப் பாருங்க" என்றார் சத்தியமூர்த்தி.

செம்மலை வால்வுகளை இடம் மாற்றிப் பொருத்தினார். குமிழ்களைத் துடைத்தார். கிட்டார் வயரையும் மாற்றினார். இரண்டாம் வரி முடிந்ததும் பெட்டி தவறாமல் கொரகொரத்தது.

கடைசியில் மெயினை அணைத்து, பெட்டியை இன்வெர்ட்டரில் மட்டும் ஓடவிட்டார். மூன்று முறை வாசித்தும் சத்தம் இல்லை. மெயினைப் போட்டு, வீட்டின் இந்தப் பக்கத்து மற்ற ஸ்விட்சுகளை எல்லாம் அணைத்துப் பார்த்தார். சத்தம் திரும்பி வந்தது.

"பெட்டியில ஒண்ணுமில்லை ஐயா. லைன்ல வருது. அங்குட்டு யாரோ ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அமத்துறாக."

செம்மலை காட்டியது வடபக்கத்தை. வீடு ஒன்றுதான். தென்பக்கம் சத்தியமூர்த்திக்கு, வடபக்கம் அவர் தம்பி கார்த்திகேயனுக்கு, நடுவில் வளவு என்கிற திறந்த முற்றம். கம்பத்திலிருந்து வரும் லைனும் ஒன்றுதான்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் எட்டு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. கோவிலில் முதல் மாலை யாருக்கு என்பதில் வந்த பிணக்கு. ஊருக்கு இது தெரியாது. எந்த விசேஷத்துக்கும் இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்புவார்கள்.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொன்னீகன்னா முடிஞ்சுபோகும்" என்றார் செம்மலை.

சத்தியமூர்த்தி தோள் துண்டைச் சரிசெய்தார். "அவனுக்கு ஒடம்பு சுகமில்லை. தொந்தரவு பண்ணப்படாது."

அப்போது வடபக்கத்தில் கார்த்திகேயன் யாரையோ போனில் திட்டுவது வளவைத் தாண்டி வந்து விழுந்தது.

"தொண்டைக்கு ஒண்ணுமில்லை போல" என்றார் செம்மலை.

தேனம்மை தலையைக் குனிந்துகொண்டாள். 

"அப்பச்சி, இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு" என்றாள் மகள்.

"தெரியும்." பிறகு செம்மலையிடம் திரும்பினார். "நீங்க போங்க. வயர் பாக்க வந்தேன்னு சொல்லுங்க. என் பேரு வர வேணாம். தேனு, நீ வாசிச்சுக்கிட்டே இரு."

செம்மலை வளவைக் கடந்து வடபக்கம் போனார். பகல் பதினொரு மணி. அறை முழுக்க வெயில் கிடந்தது. கார்த்திகேயன் போனை வைத்துவிட்டு, ஸ்விட்ச் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவரைக் கையமர்த்தி நிற்கச் சொன்னார்.

தென்பக்கத்திலிருந்து தாலாட்டு தொடங்கியது. கார்த்திகேயன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். இரண்டாம் வரி முடியும் இடத்தில், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிப் பழைய ட்யூப்லைட்டின் ஸ்விட்சைத் தட்டினார். விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. அண்ணன் வீட்டில் பெட்டி கொரகொரத்தது. அவர் விளக்கை அணைத்தார்.

"ஐயா, இந்த லைட்டைப் போட்டா அங்குட்டுச் சத்தம் வருது" என்றார் செம்மலை.

"தெரியும்."

"தெரிஞ்சா போடுறீக?"

"பிள்ளை அந்த எடத்துல தப்பா வாசிக்குது. அங்க சுரம் எறங்கணும், இது ஏத்துது. எங்க அண்ணன் அப்படிச் சொல்லிக்குடுத்திருக்காரு. சம்பந்திக முன்னால எங்க மானம் என்னாகும்?"

"அதை அவுககிட்ட வாயால சொன்னா என்ன?"

கார்த்திகேயன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் மொதல்ல பேசுனதா ஆயிரும்."