முதல் பாதி

எங்கள் அச்சகத்தின் பிழை திருத்துநருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘முதல் பாதி’. கடைசிப் பக்கத்தின் கடைசிப் புள்ளிவரை விடாமல் படிக்கிற மனிதர். ஞாயிறு பார்த்த படத்தைப் பற்றித் திங்கட்கிழமை கேட்டால் மட்டும் பாதியில் நிறுத்துவார்.

“ஹீரோ அப்படி அழறான், தலைமுடி கலையல. வில்லன் சட்டைக்கு யோசிச்சதைக் கதைக்கு யோசிச்சிருக்கலாம். ஆனா முதல் பாதி தேவலை.”

“இரண்டாம் பாதி சார்?”

“வேலையைப் பாருய்யா.”

போன ஞாயிறு அதே தியேட்டரில் நானும் இருந்தேன். இடைவேளை விளக்கு எரிந்ததும் மனிதர் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். வண்டி நிறுத்துமிடத்தில் போய் மடக்கினேன்.

“படம் இப்பதான் சூடு பிடிக்குது. எங்க சார் ஓடறீங்க?”

“வீட்டுக்கு. மூணு வருஷம் முன்னாடி இடைவேளையில என் வீட்டுக்காரி போன் பண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னா. படம் முடிஞ்சதும் வரேன்னு சொல்லிட்டேன்.”

வண்டியை மறித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

“இப்ப... வீட்டுல யாரு சார் இருக்கா?”

“யாரும் இல்ல.” வண்டியை உதைத்துக் கிளப்பினார். “ஆனா இப்பல்லாம் பத்தே நிமிஷத்துல போயிடறேன்.”