யானைப் பாட்டு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. உரக்கச் சொல்கிற கதையில்லை இது.

ஜூஜுவாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஒண்ணாம் வகுப்பில் அன்றைக்குப் பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் பாயில், பெற்றவர்கள் பெஞ்சில். தேவமணி மிஸ் பேசிக்கொண்டிருக்க, கடைசி பெஞ்சில் ஒருத்தி கம்பெனி யூனிஃபார்மோடு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை வேறு.

"நாமெல்லாம் வேலைவெட்டி இல்லாமயா வந்திருக்கோம்?" என்று முன்வரிசை ஜோதிமணி சிரித்தாள். "ராணியம்மாவுக்கு ஒரு தலகாணி குடுங்க."

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. மேஜை மேலிருந்த பித்தளை மணியை எடுத்தார்கள். பிள்ளைகளை அடக்குவதற்கும், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவதற்கும் அந்தக் கைமணிதான். சாயங்கால மணியை ஆட்டத் தினம் ஒரு பிள்ளைக்கு முறை. அதற்காக அடிதடியே நடக்கும்.

மணியோடு நேராகப் போய், தூங்குகிறவள் காதோரம் ஒரு ஆட்டு ஆட்டினார்கள்.

தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள் மாதேஸ்வரி. வகுப்பே சிரித்தது. பாயில் இருந்த அவள் மகள் யுவஸ்ரீ மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் மாதேஸ்வரியை மட்டும் நிற்கச் சொன்னார்கள் மிஸ்.

"ஏம்மா, உம்பொண்ணு வாயே தெறக்க மாட்டேங்கிறா. தெரியுமா உனக்கு?"

"தெரியும் மிஸ். வூட்லயும் அப்படித்தான்."

"ஜூன்ல வந்தப்ப எப்படி இருந்தா! ராகிக் காட்டுக்கு யானை வர்ற பாட்டு சொல்லிக் குடுத்தேன். இவ பிளிறின பிளிறல்ல பக்கத்து கிளாஸ் சார் எட்டிப் பாத்தாரு. இப்ப பேரைக் கூப்பிட்டா உதட்டை மட்டும் அசைக்கிறா."

"நாங்க ஊமைக்கோட்டான்னு பேர் வெச்சிருக்கோம் மிஸ்!" பாயிலிருந்து பென்சன் என்கிற பையன் எடுத்துக் கொடுத்தான்.

"நீ சும்மா இருடா." மிஸ் மாதேஸ்வரி பக்கம் திரும்பினார்கள். "அடிச்சு கிடிச்சு வெக்கிறியா புள்ளய?"

"ஐயோ, ஒரு அடி அடிச்சதில்ல மிஸ். அவங்கப்பா போனதிலிருந்து இப்படி ஆயிட்டா."

அது மிஸ்ஸுக்கும் தெரியும். ஆடி மாசம், நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வந்த வெங்கட், சர்வீஸ் ரோட்டில் நின்றிருந்த லாரியில் போய் மோதிவிட்டான். நிற்கிற லாரி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், தண்ணி போட்டிருப்பான் என்று ஊர் பேசியது. ஸ்டாஃப் ரூமில் மிஸ்ஸும்தான் பேசினார்கள்.

"அதுக்காக? இங்க வந்து குறட்டை விடுவியா? புள்ள மேல அக்கறை வேணாமா?"

"அவர் இருந்த கம்பெனியிலயே எனக்கு பேக்கிங்ல வேலை போட்டுக் குடுத்தாங்க மிஸ். எனக்கும் நைட் ஷிஃப்ட்டு. பக்கத்து வூட்டு அக்காதான் இவள எழுப்பி அனுப்புது. இன்னைக்கு ஆள் வரலன்னு மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வெச்சுட்டாங்க. அப்படியே இங்க..."

சொல்லும்போதே கண் சொருகியது.

"சரி, உக்காரு. மணி அடிச்சதும் கூட்டிக்கிட்டுப் போ."

உட்கார்ந்தாள். தலை மறுபடி சாய்ந்துவிட்டது.

"இவளுக்கெல்லாம் சொல்லி என்ன பிரயோஜனம்!" மிஸ் மணியைத் தூக்கினார்கள்.

ஒரு சின்னக் கை வந்து மணியைப் பிடித்தது. யுவஸ்ரீ. குனியச் சொல்லி மிஸ்ஸின் புடவையை இழுத்தாள். காதோடு காதாக, காற்று மாதிரி ஒரு குரல்.

"ஆட்டாதீங்க மிஸ். அம்மா தூங்கட்டும்."

"ஸ்கூல்ல தூங்கலாமா பாப்பா?"

"தூங்கலன்னா செத்துப் போயிடுவாங்க."

மிஸ்ஸுக்குத் திக்கென்றது. "யாரு சொன்னா உனக்கு அப்படி?"

"யாரும் சொல்லல. நீங்க யானைப் பாட்டு சொல்லிக் குடுத்து, வூட்ல போய் அப்பாகிட்ட சத்தமா பாடிக் காட்டணும்னு சொன்னீங்கல்ல. ஸ்கூல் லீவு அன்னைக்கு பகல்ல அப்பா தூங்கிக்கிட்டிருந்தாரு. நான் எழுப்பிப் பாடினேன். இன்னொருக்கா பாடு கண்ணுன்னாரு. பாடினேன். அவரும் யானை மாதிரி கத்தினாரு. ராத்திரி வேலைக்குப் போயிட்டாரு."

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம் வண்டியில தூங்கிட்டாரு மிஸ்."

தேவமணி மிஸ் அப்படியே பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். உன் மேல தப்பில்ல கண்ணு, உங்கப்பா ஆசையாத்தான் கேட்டிருக்காரு என்று சொல்ல வாயெடுத்தார்கள்.

அதற்குள் பை எல்லாம் தோளில் ஏறியாயிற்று. பென்சன்தான் கூவினான். "மிஸ், நேரமாச்சு! இன்னைக்கு மணி ஊமைக்கோட்டான் முறை!"

யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். திறந்த வாயோடு மாதேஸ்வரி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

யுவஸ்ரீ தன் சட்டையில் ஊக்கு போட்டுக் குத்தியிருந்த கர்ச்சீஃபைக் கழற்றினாள். மிஸ் கையிலிருந்த மணியை வாங்கி, பாயில் உட்கார்ந்து கவிழ்த்து, உள்ளே தொங்கிய நாக்கில் அதை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அப்புறம் எழுந்து நின்று, எல்லாப் பிள்ளைகளும் ஆட்டுகிற மாதிரியே, இரண்டு கையாலும் நன்றாக ஆட்டினாள்.