பையன் எப்படி?

“ஃபுட்பால் கோச் சைஃப் வீடு இதுதானே? அவரைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும். மஸ்கட்ல இருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க.”

வாசலில் நின்றவர் இவ்வளவுதான் சொன்னார். சைனபுக்கு மீதி எல்லாம் புரிந்துவிட்டது. மஸ்கட்டில் வேலை பார்க்கும், முப்பத்தெட்டு வயசாகியும் கல்யாணம் ஆகாத மகனைப் பற்றி விசாரிக்க ஒருவர் வந்திருக்கிறார் என்றால், பெற்றவளுக்குக் கால் தரையில் பாவுமா? முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, உள்ள வந்து இருங்க” என்றவள், மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, கீழ வாங்க. சைஃபைப் பத்தி விசாரிக்க வந்திருக்காவ.”

மாடியில் தோல் பை தைக்கும் பட்டறை. மெஷின் சத்தம் நின்றது. அவள் வீட்டுக்காரர் சிராஜ் ஏணியில் இறங்கி வந்து, ஸலாம் சொல்லி எதிரில் உட்கார்ந்தார்.

வந்தவர் பெயர் தப்ரேஸ், இதே மும்பையில் காட்கோபர்காரர். மேற்கொண்டு ஏதோ விளக்க வாயெடுத்தார். சைனப் விடவில்லை. பொண்ணு வீட்டுக்காரர் வந்த உடனே பொண்ணு பேச்சை எடுப்பதும் அழகில்லை, நாமாகக் கேட்பதும் அழகில்லை. தாராவியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“அதெல்லாம் பொறவு பேசிக்கிடலாம். முதல்ல சாயா குடிங்க” என்று மொறுமொறுப்பான காரி பிஸ்கட்டையும் சேர்த்து முன்னால் வைத்தாள்.

“பையன் எப்படி?” என்று ஆரம்பித்தார் தப்ரேஸ்.

“தங்கம். பீடி, சிகரெட்டுனு ஒரு பழக்கம் கிடையாது.”

“விளையாட்டுக்கு எப்படி வந்தாரு?”

இதற்கு சிராஜ் பதில் சொன்னார். “சயான் பக்கம் கிரவுண்டுல வெறுங்காலோட ஆடினவன். பொறவு ஒரு கம்பெனி டீம்ல எடுத்தாங்க. அவன் கோல் போட மாட்டான். போடுதவன் காலுக்குப் பந்தைக் கொண்டு குடுப்பான். பேப்பர்ல மட்டும் போட்டவன் பேருதான் வரும். எனக்கு அதுல இன்னும் கோவம் உண்டு.”

“நடுவுல முட்டி போச்சு இல்ல?”

சைனப் உஷாரானாள். எல்லாம் கேட்டறிந்துதான் வந்திருக்கிறார்கள். “ஆபரேஷன் ஆயிட்டு. இப்ப ஏக்தம் ஃபிட். லீவுல வந்தா இந்த ஏணியில தடதடன்னு ஏறுவான், இறங்குவான்” என்றாள்.

“முட்டி போன பொறவுதான் கோச்சிங் பரீட்சை எழுதினான்” என்றார் சிராஜ். “பத்தாங்கிளாஸ்ல கணக்குல பெயிலானவன், இதுல ஒண்ணுவிடாம பாஸ். மஸ்கட்ல சின்னப் பையங்க டீம்ல ஆரம்பிச்சு, இப்ப பெரிய டீமுக்கு ரெண்டாவது கோச். போய் ஏழு வருஷம் ஆச்சு. மூணு பெருநாளா வீட்டுக்கே வரல.”

“கோபம் வருமா?”

“தோத்தா சாப்பிட மாட்டான். அடுத்தவங்க மேல காட்ட மாட்டான்” என்றாள் சைனப்.

தப்ரேஸ் சிரித்தார். அவருக்குப் பையனைப் பிடித்துவிட்டது என்பது சைனபுக்குத் தெரிந்தது. மனசுக்குள் அவள் பிரியாணிக்கு ஆள் சொல்லும் வரை போய்விட்டாள்.

“கடைசியா ஒண்ணு. அவங்க முக்கியமாக் கேக்கச் சொன்னது இதுதான். இன்னும் பல வருஷம் அங்கேயே இருப்பாரா, இல்ல இங்க வந்துடற எண்ணமா?”

சைனப் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொண்ணு மஸ்கட்டில் இருந்தால் ‘அங்கேயே இருப்பான்’ என்று சொல்ல வேண்டும். மும்பையில் இருந்தால் ‘வந்துருவான்’ என்று சொல்ல வேண்டும். எந்த ஊர்ப் பொண்ணோ, யார் கண்டது? அதற்குள் சிராஜ் முந்திக்கொண்டார்.

“இருக்க மாட்டான். இந்த சீசன் முடிஞ்சதும் வந்துருவான்.”

“நிச்சயமாவா?”

“பெத்தவன் சொல்லுதேன்.”

தப்ரேஸின் முகம் வாடிவிட்டது. “அவங்களும் இதுக்குத்தான் பயந்தாங்க” என்றவர், பாதிச் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

அவர் சந்து திரும்பியதுதான் தாமதம், சைனப் பிடித்துக்கொண்டாள். “கெடுத்துட்டியளே. கூடி வந்த சம்பந்தத்தைக் கையால தள்ளிவிட்டுட்டியளே. மஸ்கட் மாப்பிள்ளைன்னுதான் வந்திருப்பாவ. இனி யாரு அவனுக்குப் பொண்ணு குடுப்பா?”

“பொண்ணு கிடைக்கும். அதுக்கு முதல்ல பையன் இங்க இருக்கணும்லா” என்றார் சிராஜ். “போன்ல மூஞ்சியைப் பார்த்துப் பார்த்தே நாம கிழடாயிட்டோம். எனக்கு என் பிள்ளை வேணும், சைனபு.”

அவர் கண் கலங்கியிருந்தது. சிராஜ் ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் சைஃபே போன் செய்தான்.

“உம்மா, தப்ரேஸ்னு ஒருத்தர் வந்தாவளா? நல்லபடியாச் சொன்னியளா?”

“ஒனக்கு எப்படில தெரியும்? பொண்ணு வீட்டுக்காரங்க ஒனக்குத் தெரிஞ்சவங்களா?”

“எந்தப் பொண்ணு? அவர் எங்க கிளப்போட ஆளு உம்மா. என்னை மெயின் கோச்சாப் போடப் போறாங்க. அஞ்சு வருஷ கான்ட்ராக்ட். முன்னால இருந்தவன் பாதியில விட்டுட்டு ஊருக்குப் போயிட்டான். அதான் நானாவது நிலைச்சு இருப்பேனான்னு வீட்டுல கேட்டுவர ஆள் அனுப்பினாங்க. இந்த ஒரு வேலைக்குத்தான் இத்தனை வருஷமா ஓடுதேன்.”

சைனப் தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதால? நாங்க என்னத்தைக் கண்டோம்?”

“என்ன உம்மா இப்படிக் கேக்கிய? நேத்தே வாப்பாவுக்குப் போன் போட்டு எல்லாத்தையும் விவரமாச் சொன்னேம்லா.”