விற்பதற்கு இல்லை

கெண்ட் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் காலை மூடுபனி இன்னும் விலகவில்லை. விரித்த போர்வையில் பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கி, காது உடைந்த காப்பிக் கிண்ணம், ஜோடியில்லாத சறுக்குக் காலணி ஒன்று. அவற்றுக்கு நடுவே, வேறு இடமில்லாமல், ஆறு வயது மார்லீஸ் உட்கார்ந்திருக்கிறாள். "கீறல் விழுந்தா பாதி வெல. ஒடஞ்சா யாரும் சீந்த மாட்டாங்க," என்று தாத்தா ஓடிலோன் கிண்ணத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். தடித்த கையுறை போட்ட ஒருவர் குனிந்து தாங்கியைத் தொடுகிறார். பிறகு அவளைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறார். "பெரியவரே, இந்தப் பொம்ம என்ன வெல?" "அது விக்கிறதுக்கு இல்லீங்க," என்று தாத்தா சிரிக்கிறார். மார்லீஸ் தாத்தாவை நிமிர்ந்து பார்க்கிறாள். போன வாரம் சுவர்க் கடிகாரத்துக்கும் தாத்தா இதையேதான் சொன்னார். மதியத்துக்குள் அது போய்விட்டது. "அட, சும்மா ஒரு வெல சொல்லுங்க." "உங்ககிட்ட அவ்வளவு பணம் இருக்காது." இதுவும் கடிகாரத்துக்குச் சொன்னதுதான். அவர் கையுறையைக் கழற்றிப் பணப்பையை எடுக்கிறார். தாங்கிக்கா, தனக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. பனிக்குள் எங்கோ தேவாலய மணி அடிக்கிறது. மார்லீஸ் அவரை நோக்கி வாயை அகலத் திறக்கிறாள். நேற்று விழுந்த முன்பல்லின் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறாள். "பாருங்க, நானும் ஒடஞ்சதுதான்."