இரண்டாவது கோடு

"ஒரு கோடா, ரெண்டு கோடாடி?"

"ரெண்டாவது தெரிஞ்சும் தெரியாம இருக்குங்க" என்றாள் பொன்னுத்தாய், கர்ப்பம் பார்க்கும் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தபடி.

கணவன் முருகையனின் முகம் கறுத்தது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. நாலு மாதமாக மாதவிலக்கு இல்லை. மகள் பிரவீணாவின் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டே நாள்தான்.

"பொண்ணு மணவறையில உக்காரும்போது அம்மாக்காரி வாந்தி எடுத்துக்கிட்டு நின்னா, கல்லங்குறிச்சி சம்பந்தியம்மா சும்மா இருப்பாங்களா? நம்ம விக்கிரமங்கலமே சிரிக்கும்டி!"

"ரத்தத்துல பாத்தா உறுதியாத் தெரியுமாம். அரியலூர்னா சொந்தக்காரங்க கண்ணுல பட்டுருவேன். பெரம்பலூருக்குப் போயிட்டு வரேன்."

லேபில் இருந்த பெண் பெயரும் ஊரும் கேட்டாள். சொந்தப் பெயரைச் சொல்லப் பொன்னுத்தாய்க்கு என்ன பைத்தியமா? வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி ரத்தம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து லேப் பெண் குரல் கொடுத்தாள்.

"விக்கிரமங்கலம் பொன்னுத்தாய்!"

பொன்னுத்தாய்க்கு உயிரே போய்விட்டது. என் பெயர் இவளுக்கு எப்படித் தெரிந்தது?

முன்வரிசையில் முக்காடு போட்டிருந்த வேறொருத்தி அவசரமாக எழுந்து போனாள்.

"உங்களுக்குக் கர்ப்பம் இல்லம்மா. மாதவிலக்கு நிக்கப்போற நேரம், அவ்வளவுதான்."

தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பியவளைப் பார்த்துப் பொன்னுத்தாய் விறைத்துப்போனாள். மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மாள்!

சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, லேப் பெண் அடுத்த தாளை எடுத்தாள்.

"கல்லங்குறிச்சி ரத்தினம்மாள்! உங்களுக்கும் இல்லம்மா. வந்து வாங்கிக்குங்க."

வேறு வழியில்லாமல் பொன்னுத்தாய் எழுந்தாள்.