நாய் இல்லாத வீடுகள்

மைத்துனன் மடிக்கணினியைத் திறந்ததும், அவனுடைய அக்கா புருஷன் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். இன்றும் வெறுங்கையோடு திரும்பினால் இரண்டு பேரும் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தெருத் தெருவாக நோட்டம் விட்டு அவர்கள் சேர்த்த அட்டவணை அது. வரிசைக்கு ஒரு வீடு. 'காவல்' என்ற கட்டத்தில் நாய், கேமரா, வாட்ச்மேன் என்று அந்தந்த வீட்டில் இருப்பதையெல்லாம் ஒன்றாகவே போட்டிருந்தான் மைத்துனன்.

"நாய் இருக்கற வீட்டையெல்லாம் தூக்கிட்டேன்னுதானே நேத்து சொன்னே?" என்றார் மாமா. அவர் பேன்ட்டின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு ஒட்டுத் தையல்.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். நாய் மட்டுமே இருந்த வீடுகளைத்தான் கணினி நீக்கியிருந்தது. நாயோடு கேமராவும் சேர்ந்திருந்தால், அது வேறு என்னவோ என்று விட்டுவிட்டது. மாமா நேராக அப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் போய் நின்றிருக்கிறார்.

"கட்டத்துக்குள்ள எந்த மூலையில நாய் இருந்தாலும் தூக்குன்னு இப்ப சொல்லிட்டேன் மாமா. கேமராவும் அப்படித்தான், வாட்ச்மேனும் அப்படித்தான்."

ஒரு தட்டு தட்டினான். ஆயிரம் வீடுகள் நாற்பதாகச் சுருங்கின. மூன்றில் ஒன்றுகூட இல்லாத, நல்ல வசதியான நாற்பது வீடுகள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மைத்துனனைக் கட்டிப்பிடித்து அறைக்குள் ஒரு சுற்று சுற்றியதில் நாற்காலி கவிழ்ந்தது.

மதியம் தெரு அடங்கியிருந்தது. பையில் ட்ரில்லிங் மெஷினும் ஒயரும், மாமா தோளில் ஏணி. முதல் வீட்டின் கேட்டை மெல்லத் திறந்தார்கள். குரைப்புச் சத்தம் இல்லை. மைத்துனனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா அவன் தொடையைக் கிள்ளினார்.

பிறகு அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவர் வெள்ளைச் சட்டையில் கண்ணியமாக இருந்தார். வீடுகளுக்குக் கேமரா மாட்டுகிறவர்கள் நாங்கள் என்று மாமா கும்பிட்டார். சந்தோஷத்தில் மைத்துனனோ மடிக்கணினியையே விரித்துக் காட்டிவிட்டான். எந்தக் காவலும் இல்லாத வீடுகள் இந்த நாற்பதுதான், அதில் உங்களுடையதும் ஒன்று, திருடன் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்று மூச்சுவிடாமல் பேசினான்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்பது வரிகளையும் நிதானமாகப் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கேமரா எல்லாம் எங்க தொழிலுக்கு ஆகாது தம்பி. இந்தப் பட்டியல் என்ன விலை?"